கையில் ஒட்டாத நீலம்

சலவை நீலத்தைக் கந்தல் துணியில் முடிந்து, சட்டித் தண்ணீருக்குள் விட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள் லீமாரோஸ். சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் அவஸ்தை எண்ணெயைப் பூசிவிட்டு, பங்குச் சாமியார் இப்போதுதான் கிளம்பியிருந்தார். அவருடைய சைக்கிள் மணல் பாதையில் திணறிக்கொண்டு போகும் சத்தம் இன்னும் கேட்டது.

உள்ளே கயிற்றுக் கட்டிலில் நாத்தனார் ஜோதிமேரி மூச்சுக்குப் போராடிக்கொண்டு கிடந்தாள். நெஞ்சில் நீர் கோத்துவிட்டது, வீட்டுக்குக் கொண்டுபோய் நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ராமநாதபுரத்து டாக்டர் சொல்லி அனுப்பி ஒரு வாரமாகிறது. வாசலில் குந்தியிருந்த வியாகுலத்துக்குக் கண் கலங்கியிருந்தது. அக்கா சாகக் கிடக்கிற நேரத்தில் பொண்டாட்டி வெள்ளைச் சட்டை அலசக் கிளம்பிவிட்டாள் என்றுதான் அவன் நினைத்தான்.

“ஏ லீமா, இப்பப் போயி என்னத்தத் துவைக்கப் போற?”

“துவைக்கல. பூவுக்குப் போடுறேன்.”

“பூவுக்கா?”

“மெதுவாப் பேசுங்க. மதினிக்குக் கேக்கும்.”

அவள் மடியிலிருந்து அதை எடுத்தாள். பொடிப் பொடியாக ஏகப்பட்ட பூக்கள் நெருக்கியடித்துக்கொண்டு ஒரு தேங்காய் அளவுக்குத் திரண்டிருந்த கொத்து. நல்ல ரோஸ் நிறம். இந்த வருஷம் முற்றத்துச் செடியில் பூத்தது அது ஒன்றுதான். அதையும் அறுத்துவிட்டாளே என்று வியாகுலம் வாயைத் திறப்பதற்குள் கொத்து தலைகீழாகச் சட்டிக்குள் போய்விட்டது.

“காலையில மதினி பூ என்ன நிறம்னு கேட்டாக. நீலம்னு சொல்லிட்டேன்” என்றாள் லீமாரோஸ். “கொண்டா பாப்போம்னு சொல்லிட்டாக.”

லீமாரோஸுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். ஆனால் பொய் அவ்வளவாக வராது. வந்த ஒரு பொய்யும் இப்படிச் சட்டியும் கையுமாக உட்கார வைத்துவிட்டது.

ஜோதிமேரி கண்டிச்சீமைக்குப் போனபோது வியாகுலத்துக்கு மீசை முளைத்திருக்கவில்லை. நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் துரை பங்களாவுக்கு ஆயாவாகப் போனாள். துரையின் பிள்ளைகளை வளர்த்தாள், அப்புறம் அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளையும் வளர்த்தாள். கட்டினவன் காய்ச்சலில் சீக்கிரமே போய்ச் சேர்ந்தான். தனக்கென்று ஒரு பிள்ளை தங்கவில்லை. தோட்டத்தை விற்றுவிட்டுத் துரை குடும்பம் சீமைக்குக் கப்பலேறியபோது, கண்டியில் ஒரு கன்னியர் மடத்தில் அவளுக்குச் சமையற்கட்டு வேலையும் கடைசிவரைக்கும் ஒரு படுக்கையும் பேசிவைத்துவிட்டுத்தான் போனார்கள். மலைக் குளிர், நல்ல தண்ணீர், வேளைக்குச் சோறு. அதை வேண்டாமென்று சொல்லிவிட்டு, தம்பி வீடே போதும் என்று தலைமன்னாரில் கப்பலேறி தனுஷ்கோடியில் வந்து இறங்கினாள். கையில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு குடை, ஒரு பிஸ்கட் தகரம். தகரத்துக்குள் ஈரப் பாசி சுற்றிய ஒரே ஒரு குச்சி.

அந்தப் பூவுக்குப் பங்களாவில் ஐட்ரேஞ்சா என்று பேராம். ஊரில் யாருக்கும் அது வாயில் நுழையவில்லை, கண்டிப்பூ என்று வைத்துக்கொண்டார்கள். “மாதா முக்காடு இருக்கே, அந்த நிறத்துல பூக்கும்” என்று ஜோதிமேரி வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னாள். சொல்லும்போது கையை விரித்து அளவு வேறு காட்டுவாள்.

உச்சிப்புளிக்குக் கிழக்கே கடலை ஒட்டிக் கிடக்கிற ஊர் அது. மிதித்தால் மணல், தோண்டினால் உப்பு. போதாக்குறைக்கு வியாகுலம் வேலை பார்ப்பது சுண்ணாம்புக் காளவாயில். கடல் பாறையும் சிப்பியும் சுட்டு நீற்றிய தூள் அவன் தலைமயிரில் இருக்கும், காதுமடலில் இருக்கும், சில நாள் சோற்றிலும் இருக்கும். முற்றம், சுவர், அடுப்படி எல்லாம் ஒரே வெள்ளை. இந்த லட்சணத்தில் மலைச் செடி.

ஜோதிமேரி விடவில்லை. அடுப்படிச் சுவருக்கு வடக்கே நிழலில் நட்டாள். கடல் காற்றை மறைக்கத் தென்னங்கிடுகு கட்டினாள், எருவும் சருகும் போட்டாள். செடி குடித்த தண்ணீர் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு வேளை ஊற்றாவிட்டால் இலையெல்லாம் துவண்டு, பட்டினி போட்டதைப்போல ஊருக்கே காட்டிக்கொடுக்கும். கிணற்றுத் தண்ணீர் உப்பு என்பதால் அதற்கும் ஊருணித் தண்ணீர்தான். தூக்கிக்கொண்டு வருவது லீமாரோஸ். “குடிகாரச் செடி” என்று திட்டிக்கொண்டே ஊற்றுவாள். ஊற்றாமல் இருந்ததில்லை.

முதல் பூ ரோஸ் நிறத்தில் பூத்தது. “உம் பேரைத்தான பூக்குது ரோஸு” என்று சிரித்தாள் ஜோதிமேரி. அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை. அடுத்த வருஷமும் ரோஸ்தான். கண்டிச் சவடால் என்று தெருவில் கேலி கிளம்பியது. அதற்குப் பிறகு அவள் பங்களாவைப் பற்றியும் பேசவில்லை, மலையைப் பற்றியும் பேசவில்லை. மழைக்கு முன்னால் இரண்டு கொம்பு வெட்டி, கேட்டவர்களுக்குக் கொடுத்ததோடு சரி. அவள் பேச்சில்லாமல் கிடந்ததுதான் லீமாரோஸுக்குத் தாங்கவில்லை. மதினியோடு சண்டை போடலாம், சேர்ந்து சிரிக்கலாம், சும்மா இருக்கிற மதினியை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

சட்டியிலிருந்து பூவை எடுத்து உதறினாள். நீலமும் இல்லை, ரோஸும் இல்லை. அடிபட்டுக் கன்றிப்போன நிறம். இருட்டறையில் தெரியாது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டு உள்ளே எடுத்துப் போனாள்.

ஜோதிமேரி தலையணையில் சாய்ந்தபடி இரண்டு கையாலும் வாங்கினாள். கிட்டத்தில் வைத்துப் பார்த்தாள். முகர்ந்தாள். பிறகு விரலால் ஒரு பூவை அழுத்தித் தேய்த்து, விரலைக் கண்ணுக்கு நேரே பிடித்தாள். விரல் நுனி நீலமாக இருந்தது.

அவள் நெஞ்சு குலுங்கியது. மூச்சு முட்டுகிறதோ என்று லீமாரோஸ் பதறிப்போய்த் தூக்கிப் பிடித்தாள். பார்த்தால், சிரிக்கிறாள்.

“ஏ ரோஸு, துரை சட்டைக்கு நான் போடாத நீலமா?”

லீமாரோஸ் நீலம் பிடித்த கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

“விடு. நல்ல மனசுலதான செஞ்ச.” மூச்சு வாங்கிக்கொண்டு ஜோதிமேரி மெல்லப் பேசினாள். “பங்களாவுல ரெண்டு செடி நின்னுச்சு. செவுத்தோரம் நின்னது ரோஸு. தேயிலை மேட்டோரம் நின்னது நீலம். எது வேணுமோ எடுத்துக்கன்னு தொரசாணி சொல்லுச்சு. பூ இல்லாத மாசம், நல்ல மழை வேற. ரெண்டுலயும் ஒவ்வொரு குச்சி வெட்டுனேன். தகரத்துல ஒண்ணுக்குத்தான் எடம் இருந்துச்சு. நீலத்தத்தான் எடுக்குறேன்னு நெனச்சு எடுத்தேன். மாத்தி எடுத்துட்டேன் போல.”

“அதுனால என்ன மதினி.”

“ஒண்ணுமில்ல. எனக்கு எடுக்கத் தெரியல. எதையுமே.”

கண்ணை மூடிக்கொண்டாள். லீமாரோஸுக்கு அந்த ‘எதையுமே’ நெஞ்சில் போய்த் தைத்தது. குச்சியைப் பற்றி மட்டுமா சொன்னாள்? மடத்துப் படுக்கையை விட்டுவிட்டு இந்த உப்பு மண்ணுக்கு வந்ததையும் சேர்த்துத்தானே சொல்கிறாள். இந்த வீட்டை, இந்தத் தம்பியை, தன்னை. தப்பான இடத்துக்கு வந்துவிட்டோம் என்ற நினைப்போடு ஒருத்தி தன் வீட்டில் கண்ணை மூடப் போகிறாள் என்பதை அவளால் பொறுக்க முடியவில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கொல்லைப்பக்கம் போனாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் தாஜுன்னிசா நின்றுகொண்டிருந்தாள். பாதையில் டீக்கடை வைத்திருக்கிற காதரின் மனைவி. காலையிலிருந்து அவள் இரண்டு தடவை வந்து, சாமியாரைப் பார்த்துத் தயங்கித் திரும்பிப் போனவள்.

“எப்படி இருக்கு ஜோதியக்காவுக்கு?”

“இன்னைக்குத் தாண்டாது தாஜக்கா.”

“அல்லா லேசாக்கட்டும்.” முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள் தாஜுன்னிசா. போகாமல் நின்றாள். “இந்த நேரத்துல இதச் சொல்லலாமான்னு தெரியல. மழைக்கு முன்னால அக்கா ஒரு கொம்பு குடுத்தாகள்ல, அது பூத்துருச்சு. ஆனா அது ஒங்க செடி இல்ல போல லீமா. வேற எதையோ மாத்திக் குடுத்துட்டாக. ரோஸாவே இல்ல.”

“பெறகு?”

“நல்ல நீலமால்ல இருக்கு.”

லீமாரோஸ் வேலிப் படலை விலக்கவில்லை, பிய்த்துக்கொண்டு போனாள்.

டீக்கடைக்குப் பின்னால், பாத்திரம் கழுவும் மூலையில், பூவரச நிழலில் மண்ணெண்ணெய் டின்னுக்குள் நின்றது செடி. தங்கள் வீட்டுச் செடியின் இலை எப்போதும் கொஞ்சம் மஞ்சள் பாய்ந்திருக்கும். இது கரும்பச்சையாக, திமிராக நின்றது. உச்சியில் ஒரே கொத்து. கோயில் சுரூபத்தில் மாதாவின் முக்காட்டைப் புதுசாக வர்ணம் அடிக்கும்போது பார்த்திருக்கிறாள், அதே நீலம்.

“வெட்டித் தரவா?” என்றாள் தாஜுன்னிசா.

“வேணாம். வெட்டுன பூவ நம்ப மாட்டாக. செடியோட கொண்டு போவோம்.”

இரண்டு பேரும் டின்னை அசைத்துப் பார்த்தார்கள். ஈர மண், கல்லாகக் கனத்தது. லீமாரோஸ் வேலியோரம் நின்று புருஷனைக் கூப்பிட்டாள். வியாகுலம் வந்தான், பூவைப் பார்த்தான். சுண்ணாம்பு மூட்டை சுமந்த தோள் அது. துண்டைச் சும்மாடாக்கி டின்னைத் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தான். சாவுச் சேதியை எதிர்பார்த்துத் தெருவில் நின்றவர்கள், பூச்செடியைச் சுமந்துகொண்டு போகிறவனுக்கு வழிவிட்டு ஒதுங்கினார்கள். எப்போது பேச்சு நிற்கும், எப்போது மூச்சு போகும் என்று தெரியாத நேரத்தில் வியாகுலத்துக்கு என்ன ஆனது என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்டாள்.

டின்னைக் கட்டிலை ஒட்டி இறக்கினான். ஈர மண் வாசனை அறைக்குள் பரவியது. லீமாரோஸ் சன்னலைத் திறந்துவிட்டாள்.

“மதினி, கண்ணத் தெறந்து பாருங்க.”

ஜோதிமேரி பார்த்தாள். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. ஒரு தடவை ஏமாற்றப்பட்ட ஆயா அவள், துரைப் பிள்ளைகளின் திருட்டுத்தனத்தையெல்லாம் கண்டுபிடித்தவள். விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, ஒரு பூவைத் தேய்த்தாள். விரலைப் பார்த்தாள். திரும்பவும் அழுத்தித் தேய்த்து, வெள்ளைப் போர்வையில் துடைத்தாள். போர்வை வெள்ளையாகவே இருந்தது.

“எங்கன கெடந்துச்சு இது?”

“நீங்க எனக்குக் குடுத்த கொம்புதான்க்கா” என்றாள் தாஜுன்னிசா வாசல்படியிலிருந்து.

“நம்ம செடியிலயா வெட்டுனது?”

“ஒங்க கையாலதான வெட்டிக் குடுத்தீக. நாம் பாத்துக்கிட்டுத்தான நின்னேன்.”

“என்ன ஊத்துன?”

தாஜுன்னிசாவுக்கு முகம் சிறுத்துவிட்டது. “என்னத்த ஊத்துனேன். ஒங்களமாதிரியா பாத்துப் பாத்து வளத்தேன்? கடையில மிஞ்சுற தேயிலச் சக்கைய அதுக்குள்ளதான் கொட்டுவேன். கடைக்கு ஊருணித் தண்ணியப் படிகாரம் போட்டுத்தான் தெளிய வப்போம். மேல தெளிஞ்சத எடுத்துக்கிட்டு அடி மண்டிய அதுலதான் ஊத்துவேன். நல்ல தண்ணி குடுத்ததே இல்லக்கா.”

லீமாரோஸ் வீட்டில் படிகாரம் கிடையாது. பானைக்குள் தேத்தாங்கொட்டையை உரசித்தான் தண்ணீர் தெளிய வைப்பாள். அந்தத் தெளிந்த தண்ணீரைத்தான் செடிக்கும் கொடுத்தாள். நல்ல தண்ணீர் குடித்த செடி ரோஸாகவும், மண்டி குடித்த செடி நீலமாகவும் பூத்திருக்கிறது.

ஜோதிமேரி தலையணையில் சாய்ந்துகொண்டாள். கண் கூரையில் நிலைத்திருந்தது. முடிந்துவிட்டதோ என்று வியாகுலம் குனிந்தான்.

“பங்களாச் செவுத்துக்கு” என்றாள் அவள், “வருசா வருசம் வெள்ளையடிப்பாக. மழைக்கு அம்புட்டுச் சுண்ணாம்பும் வழிஞ்சு கீழதான எறங்கும். செவுத்தோரம் நின்னது ரோஸு. மேட்டோரம் தேயில மண்ணு. அது நீலம்.” நிறுத்தி மூச்சு வாங்கினாள். “ரெண்டும் ஒரே செடிதான் போல ரோஸு, மண்ணுதான் வேற. எத எடுத்திருந்தாலும் இதுதான்.”

வியாகுலம் தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டான். நகக்கண்ணில், ரேகையில், எத்தனை கழுவினாலும் போகாத வெள்ளை. முற்றத்து மண்ணெல்லாம் அவன் உதறிய வெள்ளைதான். அவன் தலை குனிந்தது. வியாகுலம் என்றால் துயரம், பேருக்கேற்ற முகம் என்று ஊரில் அவனைக் கேலி செய்வார்கள், அந்த முகம் இன்னும் கொஞ்சம் இறங்கியது.

“ஏலே தம்பி, மூஞ்சியத் தூக்கு” என்றாள் ஜோதிமேரி. “ரோஸும் நல்லாத்தான் இருந்துச்சு.”

பிறகு தண்ணீர் கேட்டாள். தண்ணீரைக் குறைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். லீமாரோஸ் டாக்டரை நினைக்காமல் ஒரு தம்ளர் நிறையக் கொடுத்தாள். குடித்து முடித்து, வாயைத் துடைத்துவிட்ட அவள் கையை ஜோதிமேரி பிடித்துக்கொண்டாள்.

“சரியாத்தான் எடுத்திருக்கேன்” என்றாள்.

எதை என்று லீமாரோஸ் கேட்கவில்லை. அவளுக்கு அழுகையும் சந்தோஷமும் ஒன்றாக வந்தது, இரண்டையும் அடக்கவில்லை. வெயில் சாயும் நேரத்தில் கோயில் உபதேசியார் வந்து பிரார்த்தனை சொல்ல, சேசு மரி சூசை என்று தம்பி காதில் சொல்லச் சொல்ல, ஜோதிமேரியின் மூச்சு சிரமமில்லாமல் நின்றது. கை லீமாரோஸின் கைக்குள்ளேயே இருந்தது. கோயிலில் துக்கமணி அடித்தார்கள்.

மறுநாள் காலை பெட்டி வந்தது. வெள்ளைச் சேலை உடுத்தி, கையில் செபமாலை சுற்றிக் கிடத்தினார்கள். அவளுக்குப் பிடித்த பூ அல்லவா, அந்த நீலப் பூவை வெட்டிக் கையில் வையுங்கள் என்று உபதேசியார் சொன்னார். பெண்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஒருத்தி கத்தி எடுக்கவே போய்விட்டாள்.

“அதத் தொடாதீக” என்றாள் லீமாரோஸ். “அது தாஜக்கா வீட்டுச் செடி. நேத்துதான பூத்திருக்கு.”

அடுப்படிக்குப் போய், தண்ணீர்ச் சொம்பில் போட்டிருந்த தன்னுடைய சாயப் பூவை எடுத்துவந்து மதினியின் விரல்களுக்கு இடையில் வைத்தாள்.

“ஐயோ, சேலையில நீலம் ஒட்டுமே” என்றாள் பக்கத்தில் நின்றவள்.

“ஒட்டட்டும். அவுகளுக்குத் தெரியும்.”

லீமாரோஸின் உதட்டில் சிரிப்பைப்போல ஒன்று வந்ததைப் பார்த்துச் சிலருக்குக் கோபம்கூட வந்தது.

அடக்கம் முடிந்து, வந்த சனம் போய், செபமாலை சொல்ல அக்கம்பக்கத்துப் பெண்கள் மட்டும் வந்துகொண்டிருந்த நாட்களில் பேச்செல்லாம் கண்டிப்பூவைப் பற்றித்தான். முன்பு சவடால் என்றவர்களே முற்றத்துச் செடியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். எனக்கு நீலத்தில் ஒரு கொம்பு கொடு என்றாள் ஒருத்தி. எனக்கு ரோஸே போதும் என்றாள் இன்னொருத்தி.

“கொம்பு ஒண்ணுதான்” என்றாள் லீமாரோஸ். “ஒங்க வீட்ல தண்ணிய எதுல தெளிய வக்கிறீக, அதச் சொல்லுங்க மொதல்ல.”

மாசி பிறந்து, வாடைக்காற்று தளர்ந்துகொண்டிருந்தது. தாஜுன்னிசாவின் டின் அதன் மூலைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குப் பதிலாக ஒரு பழைய பானையில் டீக்கடைச் சக்கையும் ஊருணிக் கரை மண்ணும் கலந்து, புதுக் கொம்பு ஒன்றை நட்டு, வாசலோரம் வைத்திருந்தாள் லீமாரோஸ். அதில் இரண்டு இலை விட்டிருந்தது.

துக்கம் கழிந்து வியாகுலம் அன்றைக்குத்தான் காளவாய்க்குப் போயிருந்தான். சாயங்காலம் லீமாரோஸ் அடுப்பை ஊதிவிட்டு நிமிர்ந்தபோது, அவன் தெருமுனையில் நிற்பது சன்னல் வழியாகத் தெரிந்தது. தலை முதல் கால்வரை வெள்ளையாக இருந்தான். உள்ளே வராமல் ஏன் நிற்கிறான் என்று அவளுக்குப் புரியவில்லை.

அவன் ஒரு கைப்பிடி மணலை அள்ளி, சிந்தவிட்டு, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தான். வீட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பினான். பிறகு தலைத்துண்டை அவிழ்த்து, கடலைப் பார்க்க உதறத் தொடங்கினான்.